ஒலிபெருக்கிக்கு ஒரு பெயர்

கடல் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் லுவா யாருக்கும் போன் போடுவதில்லை. கடைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் தேதிக்குக் கீழே ஓதம் ஏறி இறங்கும் நேரம் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைத் தேடினால் பசை அப்பிய கையோடு தலையைத் தடவ வேண்டிவரும். அதனால் வாசலுக்கு வந்து காற்றை முகர்ந்து பார்ப்பாள். சேற்று வாடை தூக்கலாக இருந்தால் கடல் உள்வாங்கிவிட்டது, ஊரே மட்டி தோண்டப் போயிருக்கிறது. வாடை அடங்கினால் தண்ணீர் ஏறிவிட்டது, ஆட்கள் வீடு திரும்பியிருப்பார்கள். அப்போதுதான், விற்க ஒட்டிவைத்த காகித மாளிகைகளுக்குப் பின்னால், தலை வெளியே தெரியாதபடி குந்திக்கொண்டு எண்ணை அழுத்துவாள்.

அவளுடைய தொண்டு வேலைக்கான செயலியைச் செய்து கொடுத்த தலைநகரத்துப் பிள்ளைகள், ஆட்களைக் கூப்பிடச் சொல்லிக் காலை வேளையில் நினைவூட்டும் மணியை வைத்திருந்தார்கள். அந்த மணி கேட்டால் லுவாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "சேத்துல நிக்கிறவன் எந்தக் கையால எடுப்பான்? வாலா முளைச்சிருக்கு?" என்று போனைத் திட்டுவாள். போனைத் திட்டுவது அவளுக்கு வழக்கம். பதில் பேசாத ஒரே ஆள் அதுதான் என்பாள்.

லுவா விற்பதெல்லாம் செத்தவர்களுக்கான சாமான். காகிதச் சட்டை, காகிதச் செருப்பு, காகித மோட்டார் சைக்கிள், காகித மாளிகை, கட்டுக்கட்டாகக் காகிதப் பணம். நினைவு நாளிலும் பௌர்ணமியிலும் வாங்கி எரித்தால் அக்கரையில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும். கொஞ்ச காலமாகக் காகிதக் கைபேசிதான் அதிகம் போகிறது. சார்ஜரும் காதில் மாட்டுவதும் ஒரே பெட்டியில்.

"இதுல சிம் போட்டிருக்கா அக்கா?" என்பாள் வாங்க வந்தவள்.

"சிம்மை அங்க போய் வாங்கிக்கச் சொல்லு. அடையாள அட்டையோட."

"எங்க மாமனாருக்கு இதை அனுப்பினா அங்கிருந்து எனக்குப் போன் பண்ணுவாரே!"

"எடுக்காதே. எடுத்தா மட்டிக் கஞ்சியில உப்புப் பத்தலைன்னுதான் சொல்வார்."

இப்படி எல்லாரையும் சிரிக்கவைப்பாள். ஆனால் அவள் சிரிக்கும்போது கவனித்துப் பாருங்கள். ஒரு கண் பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் நிஜப் போனின் மேல் இருக்கும். திரை ஒளிர்ந்தால் பேச்சு பாதியில் நிற்கும். ஒளிரவே இல்லை என்றால் இன்னும் மோசம். விரலைத் துடைத்துவிட்டு அதைத் தொட்டுத் தானே ஒளிரவைத்துப் பார்ப்பாள்.

நாலாம் வார்டுக்குச் சுகாதாரத் தொண்டர் லுவாதான். முன்பெல்லாம் அந்த வேலை என்றால் தொட்டியைக் கவிழ்த்துக் கொசுப்புழு பார்ப்பது, கைக்குழந்தைகளை எடை போடுவது. பிறகு இந்தச் செயலி வந்தது. ஊர் அதற்கு வைத்த பெயர் 'மூஞ்சி'. திறந்ததும் ஐந்து வட்ட முகங்கள் வரும். ஒன்று அழும், ஒன்று உம்மென்றிருக்கும், நடுவில் இருப்பது எதுவும் சொல்லாது, கடைசி இரண்டும் சிரிக்கும். இன்றைக்கு உன் முகம் எது என்று தொட்டால் அதற்குத் தோதாக ஒரு பாடம் வரும். ஒரு நினைப்பு நெஞ்சை அமுக்கினால் அதை எப்படிப் புரட்டிப் பார்ப்பது, எழுந்து குளிக்கவே மனம் வராத நாளில் எந்தச் சின்னக் காரியத்தைப் பிடித்துக்கொண்டு எழுவது, இப்படி. போன் இல்லாதவர்களுக்கு ஊராட்சியே ஒன்றைக் கையில் கொடுத்தது. வாரம் ஒருமுறை தொண்டர் கூப்பிட்டுப் பேச வேண்டும். நிலைமை கையை மீறினால் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

மனச்சோர்வு என்ற சொல்லை மட்டும் லுவா கடையில் வைத்து உச்சரிக்கமாட்டாள். இந்தக் கரையில் அதைக் கேட்டவர்கள் பைத்தியம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நரம்புத் தளர்ச்சி என்றால் கொஞ்சம் மரியாதை, அது உழைத்தவனுக்கு வருவது. தூக்கம் வரவில்லை என்றால் இன்னும் மரியாதை, அது நாலு விஷயம் யோசிக்கிறவனுக்கு வருவது. ஆகவே லுவாவின் ஆட்கள் அத்தனை பேரும் தூக்கம் வராதவர்கள்.

அவர்களில் கியெமை நினைத்துத்தான் அவளுக்குத் தூக்கம் வராது.

கியெமின் மனைவி சென், மாமியாரின் நினைவு நாளுக்குக் காகிதத் துணி வாங்கக் கடைக்கு வந்தாள். வாங்கிய பொட்டலத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு நடந்தாள். லுவா பின்னால் ஓடி அதைக் கையில் கொடுத்தபோது, பொட்டலத்தை இது என்ன என்பதுபோலப் பார்த்தாள்.

"அவரு சுவரப் பாத்துப் படுத்திருக்காரு அக்கா. இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கிறாரு."

போன கோடையில் கியெமின் மட்டி வயல் முழுக்க ஒரே ஓதத்தில் செத்து வாய் பிளந்தது. உப்புக் குறைந்துவிட்டது என்றார்கள், வெயில் என்றார்கள். நாற்றம் அணைக்கரை தாண்டி ஊருக்குள் வந்தது. வயலின் நடுவே கம்புகளின் மேல் நிற்கும் காவல் குடிசைக்குப் போய் அவன் உட்கார்ந்துகொண்டான். காவல் காக்க அங்கே ஒன்றுமில்லை. அண்ணன்மார்கள் போய் அழைத்து வந்தார்கள். வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

லுவா அந்த வீட்டுக்கு வாத்து முட்டை வாங்கப் போனாள். மறுபடி வாத்து முட்டை வாங்கப் போனாள். அவள் கணவருக்கு வாத்து முட்டையே அலுத்துப்போகும் வரையில் வாங்கினாள். ஒருநாள் கியெம் திரும்பிப் படுத்தான். அவன் கையில் போனைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் கூப்பிட்டால் அவன் வாத்துக் கொட்டிலுக்குள் போய் நின்றுகொண்டுதான் எடுப்பான். அம்மா போன பிறகு அந்த வீட்டில் மனைவியைத் தவிர யாருமில்லை. ஆனாலும் சுற்றிலும் அண்ணன்மார் வீடுகள். வாத்துகளின் இரைச்சலில் அவன் குரல் பாதிதான் கேட்கும்.

"சாப்டியா தம்பி?"

"ம்."

"என்ன சாப்டே?"

வாத்துகள் கத்தின.

"வாத்தா?"

"அக்கா..."

"சரி சரி. எந்த மூஞ்சியத் தொட்டே இன்னிக்கி?"

"நடுவுல இருக்கறது."

"அது மூஞ்சியே இல்ல தம்பி. வெறும் தட்டு. அதுல இன்னும் ஒண்ணும் வைக்கல."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே லுவா காகிதக் காலர்களை மடிப்பாள். மூச்சு இருக்கிறவரை சரி என்பது அவள் கணக்கு.

ஒரு பாடத்தில், நாளைக்குச் செய்யப்போகும் சின்னக் காரியம் ஒன்றை எழுதச் சொல்லியிருந்தது. எழுதுவது தொண்டரின் போனிலும் தெரியும். சிலர் முற்றம் கூட்டுவேன் என்பார்கள், சிலர் முடி வெட்டிக்கொள்வேன் என்பார்கள். கியெம் எழுதியிருந்தான்: 'காவல் குடிசைக்குப் போகணும்.'

லுவா வாசலுக்கு ஓடிவந்து முகர்ந்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. போன் போட்டாள், எடுக்கவில்லை. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, பசைக் கையால் சைக்கிளைப் பிடித்து, பிடி வழுக்க வழுக்க அணைக்கரைக்கு மிதித்தாள். மேலே ஏறியதும் கண்ணில் பட்டது குடிசையும் தண்ணீரும்தான். குடிசைக்கும் கரைக்கும் நடுவே ஒரு கூடைப் படகு சுற்றிச் சுற்றி வந்தது. அதில் கியெம். மடியில் கரிபிடித்த கெண்டி ஒன்று.

"டீ போடற கெண்டி அக்கா. அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றான் கரையேறியதும். பிறகு அவளுடைய நனைந்த நெற்றியைப் பார்த்தான். "நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"மட்டி வாங்கலாம்னு..."

"என்கிட்டயா?" அவன் வயலைத் திரும்பிப் பார்த்தான். "என்கிட்ட செத்த மட்டிதான் இருக்கு. உங்களுக்கும் அந்த யாவாரம்தானே, எடுத்துக்கிறீங்களா?"

அவன் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் வேடிக்கைப் பேச்சு அது. சிரிக்கப்போய் லுவாவுக்கு அழுகை வந்தது. கண்ணில் காற்று அடித்துவிட்டதாகச் சொன்னாள்.

அதற்கப்புறம் கியெம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தான். அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனான். குளிர் தொடங்குவதற்குள் எல்லாப் பாடத்தையும் படித்து முடித்துவிட்டான். இருந்தும் வாரத்துப் போன் அவனுக்கு வேண்டியிருந்தது. "உங்க போன் வர்ற நாள்லதான் அக்கா அவரு முகச்சவரம் பண்றாரு" என்று சென் சொன்னாள். கியெம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். ஊருக்குத் தெரியக் கூடாது. அண்ணன்மாருக்கும் தெரியக் கூடாது.

"தெரிஞ்சா இந்தப் போனைக் கடல்ல வீசிட்டு நானும் குடிசைக்கே போயிடுவேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். லுவாவின் காதில் சிரிப்பு விழவில்லை, குடிசைதான் விழுந்தது.

ஆண்டு முடிவில் ஊராட்சி அலுவலகத்தில் தொண்டர்கள் கூட்டம். மாதர் சங்கத் தலைவி தாவோ லுவாவைவிட வயதில் சின்னவள், குரலில் பெரியவள். கெட்டவள் இல்லை, எந்தக் காரியத்தையும் பாராட்டிப் பாராட்டியே நடத்திவிடலாம் என்று நம்புகிறவள். இந்த ஊரில் அது பாதி உண்மையும்கூட. ரத்தம் கொடுத்தவர், சாக்கடையை முதலில் சுத்தம் செய்த வீடு, மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிய தாய் எல்லார் பெயரும் விடிகாலை ஒலிபெருக்கியில் வரும். பிறகு சிவப்பு முத்திரை போட்ட பாராட்டிதழ். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னோர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுவார்கள்.

கூட்டத்தில் மூஞ்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. மூணாம் வார்டு தொண்டர் பெருமூச்சு விட்டாள்.

"மூஞ்சியத் தொட்டா மனசு லேசாகுமாமே! எங்க வீட்டுக்காரர் மூஞ்சியத் தொட்டா எனக்கு இருக்கறதும் பாரமாகுது."

அறை சிரித்தது.

"நெசமாத்தான் சொல்றேன் தாவோ. போனை வாங்கிட்டுப் போயி எல்லாரும் பாட்டு கேக்கறாங்க. ஒரு ஆளாவது பாடத்த முடிச்சிருக்கா? ஒரு ஆளு?"

"அப்படின்னா போனையெல்லாம் திருப்பி வாங்கி மாவட்டத்துக்கு அனுப்பிடலாம். அடுத்த ஊர்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள் தாவோ.

லுவா கையைத் தூக்கினாள். "யாரு சொன்னது? எங்க வார்டுல ஒருத்தர் எல்லாப் பாடமும் முடிச்சாச்சு!" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

கைதட்டினார்கள். தாவோ எழுந்தே நின்றுவிட்டாள். "இத்தனை நாளா ஏன் சொல்லல? யாரு அக்கா?"

"அது... சொல்லக் கூடாது."

"பாராட்ட வேண்டாமா? நாளைக்குக் காலையிலயே ஒலிபெருக்கியில படிச்சிடலாம்."

"வேண்டாம் தங்கச்சி. ரத்தம் குடுக்கறது வேற. இது வேற."

"என்ன வேற? போன மாசம் இதே இடத்துல நின்னு, இதுவும் காய்ச்சல் மாதிரிதான், வெக்கப்பட ஒண்ணுமில்லைன்னு எங்களுக்கு வகுப்பெடுத்தது யாரு? நீங்கதானே?"

வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதும் உண்மை. வெட்கத்தினால் ஒரு மனுஷன் கடலைப் பார்க்க நடந்துவிடுவான் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சாயந்தரத்துக்குள்ள ஒலிபெருக்கி குவாங் அண்ணன்கிட்ட பேரக் குடுத்துடுங்க" என்றாள் தாவோ, அன்பாகத்தான். "பேரு வரலைன்னா அப்படி ஆளே இல்லைன்னு எடுத்துப்பேன். போனெல்லாம் அடுத்த ஊருக்கு."

வெளியே வந்தவளுக்குச் சைக்கிளின் பூட்டைத் திறக்கவே வெகுநேரம் பிடித்தது. பெயரைச் சொன்னால் கியெம் போய்விடுவான். சொல்லாவிட்டால் அவனுடைய போன் போய்விடும். அவனுடையது மட்டுமா, வார்டில் தூக்கம் வராத அத்தனை பேருடையதும். அவனிடமே கேட்டுவிடலாம் என்று அணைக்கரைப் பக்கம் மிதித்தாள். கியெம் வாத்துக் கொட்டிலின் கூரைமேல் உட்கார்ந்து தென்னங்கீற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். வாயில் இரண்டு ஆணி. அவளைப் பார்த்ததும் ஆணியோடே சிரித்தான்.

"முட்டையா அக்கா?"

"ஆமா... இல்ல, இருக்கு வீட்டுல. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

கேட்க முடியவில்லை. கேட்டால் அந்தக் கூரையிலிருந்து இறங்கி நேராகச் சுவர்ப்பக்கம் போய்விடுவான் என்று தோன்றியது. சைக்கிளைத் திருப்பினாள்.

ஒலிபெருக்கி அறை ஊராட்சி அலுவலகத்தின் பின்கட்டில் இருக்கிறது. குவாங் அண்ணன் அங்கே பல வருஷமாக ராஜா. மூங்கில் குழாயில் புகையிலையை அடைத்து, தண்ணீர் கொடகொடக்க ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

"வாம்மா. பேரக் கொண்டாந்தியா?"

"அண்ணே, நாளைக்கு மைக் பழுதுன்னு சொல்லிடுங்களேன்."

"என் மைக்கா? போன புயல்ல இந்தக் கூரையே பறந்துச்சு. மைக் பறக்கல."

"அப்ப பேரு இல்லாம, 'நாலாம் வார்டைச் சேர்ந்த ஒருவர்'னு படிச்சா?"

"ஒருவர்னு படிக்க, இது என்ன காணாமப் போன எருமையா? எருமைக்கே கொம்பு எப்படி, வால் எப்படின்னு அடையாளம் சொல்லித்தான் படிக்கறேன்."

லுவா விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தாள். குவாங் இன்னொரு இழுப்பு இழுத்து, புகைக்குள் கண்ணைச் சுருக்கினார். அவருக்கு விடுகதை பிடிக்கும்.

"நீ சொல்லாதே. நானே புடிக்கறேன். நாலாம் வார்டு. எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு. இந்த வருஷம் உன் சைக்கிள் எங்க அதிகமா நின்னுச்சு? அணைக்கரை ஓரத்துல. அங்க முதல் வீடு செவிட்டுக் கிழவி, அவளுக்குப் போனும் செங்கல்லும் ஒண்ணு. அதுக்கடுத்து, வாத்து வளக்கறாங்களே, மட்டியெல்லாம் செத்துப்போச்சே, அந்த..."

"நான்தான் அண்ணே."

"நீதான் என்ன?"

"எல்லாப் பாடமும் முடிச்சது நான்தான். எழுதிக்குங்க."

குவாங் சிரித்தார். புகை தப்பான பக்கம் போய் இருமினார். "வெளையாடாதே. நீ வைத்தியம் பாக்கறவ."

"பாக்கறவளுக்கு வராதா? மட்டி விக்கறவன் மட்டி திங்கறதில்லையா?"

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. பொய் என்று சொல்லிவிட முடியாது. செயலி வந்த புதிதில் முதலில் அதைத் திறந்தவள் லுவா. தொழிலைக் கற்றுக்கொள்ள என்றுதான் தொடங்கினாள். மகன் தைவான் தொழிற்சாலைக்குப் போன வருஷம் அது. பகலெல்லாம் கடையில் ஊரைச் சிரிக்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்திய பிறகு, ஐந்தில் எந்த முகத்தை அவள் தொட்டாள் என்பது அவளுக்கும் போனுக்கும்தான் தெரியும். ஒரு பாடத்தையும் விடாமல் படித்தாள். சிலவற்றை மறுபடியும் படித்தாள்.

"வீட்டுக்காரன்கிட்ட கேட்டியா?" குவாங்கின் குரல் இறங்கியிருந்தது.

"கேட்டா வேண்டாம்பாரு."

"ஊர் வாய் எப்படின்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். எழுதுங்க அண்ணே."

மறுநாள் விடியலில் வழக்கமான பாட்டு வந்தது. பிறகு உரம், பிறகு புயல் எச்சரிக்கை ஏதுமில்லை என்ற செய்தி. பனிமூட்டத்தில் ஒலிபெருக்கிக் கூம்புகள் கண்ணுக்குத் தெரியவில்லை. வானமே படிப்பதுபோல இருந்தது. குவாங் தன் கூட்டத்துக் குரலில் நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "மனச்சோர்வை வெல்லும் கைபேசிப் பாடங்கள் அனைத்தையும் நிறைவு செய்து, நம் ஊராட்சிக்கு முன்மாதிரியாகத் திகழும் நாலாம் வார்டு, காகிதக் கடை, திருமதி லுவா."

முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் வாய் நிறைய நுரையோடு நின்றார்.

"உனக்கா?"

"வாயக் கொப்புளிங்க மொதல்ல."

அவர் கொப்புளித்தார். அடுக்களைக்குள் போனார். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியமாக அடுப்பை மூட்டித் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.

கடையைத் திறப்பதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி சர்க்கரைப் பொட்டலம் கொண்டுவந்தாள், ஒருத்தி ஆரஞ்சு. இழவு வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி தாழ்ந்த குரலில் பேசினார்கள். "தாமரை விதையோட பச்சை முளையக் காய்ச்சிக் குடி அக்கா, தூக்கம் சொக்கும்." "எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பியேடி!" "சிரிக்கறவங்களுக்குத்தான் வரும்." மூணாம் வார்டு தொண்டர் கடைசியில் வந்து, உட்காராமல் நின்றாள். "உன்கிட்ட இனி வாய் குடுக்கக் கூடாதுபோல. நரம்பாச்சே" என்றாள். வேடிக்கையாகச் சொல்ல நினைத்தாள், குரல் ஒத்துழைக்கவில்லை.

காகித மாளிகைக்குச் சொல்லியிருந்த ஒரு பெண், முன்பணத்தைக் கேட்காமலே, "அடுத்த நினைவு நாளுக்குப் பாத்துக்கலாம் அக்கா. அப்பா அங்க நிம்மதியாப் போயிச் சேரணும்ல, ஒட்டற கை..." என்று இழுத்தாள். லுவா தலையாட்டினாள். வலித்தது. ஆனால் அதற்கு இப்போது அவளுக்கு நேரமில்லை.

கியெமின் வீட்டு வாசல் கம்பத்திலேயே ஒரு கூம்பு இருக்கிறது. அவன் கேட்டிருப்பான். கேட்டு என்ன நினைத்திருப்பான்? இந்தப் பெயர்களையும் இப்போது ஊருக்குப் படிக்கிறார்கள் என்று நினைத்திருப்பான். இன்றைக்கு அவள், நாளைக்கு நான் என்று நினைத்திருப்பான். இதை அவள் யோசிக்கவே இல்லை. பெயரை மாற்றிவிட்டால் ஆபத்து போயிற்று என்று இருந்துவிட்டாள். சேற்று வாடை கடைக்குள்ளேயே வந்தது. கடல் உள்வாங்கியிருக்கிறது, அவன் வயலில் இருக்க வேண்டிய நேரம். இருந்தும் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. சென்னுக்குப் போட்டாள். சென் மாவட்டச் சந்தைக்குப் போயிருந்தாள். இரைச்சலில், "காலையிலேயே கிளம்பிட்டாரு அக்கா, ஒண்ணும் பேசல" என்பது மட்டும் கேட்டது. எந்தப் பக்கம் கிளம்பினான் என்று கேட்பதற்குள் அறுந்தது.

எழுந்து சைக்கிளுக்குப் போகப் பார்த்தாள். ஒருத்தி தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "அலையாதே, ஓய்வெடு. இனிமே நீ அலையக் கூடாது."

"விடுடி, ஒரு வேலை இருக்கு."

"வேலை எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

சுற்றிலும் கைகள், ஆரஞ்சு, அறிவுரை. உட்கார்ந்தபடியே மறுபடி எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். மணி போனது. இன்னொரு மணி. எடு தம்பி. மூச்சு மட்டும் விடு, போதும்.

மணிச் சத்தம் தெருவிலிருந்து கேட்டது.

பெண்கள் திரும்பினார்கள். முழங்கால் வரை சேறு அப்பிய கால்களோடு கியெம் கடை வாசலில் நின்றிருந்தான். வயலிலிருந்து அவன் வீட்டுக்குப் போக அணைக்கரையோடே ஒரு வழி உண்டு, யாரும் பார்க்காத வழி. அவன் நடுத்தெரு வழியாக வந்திருந்தான். சேற்றுச் சுவடு சந்தை முனையிலிருந்தே தெரிந்தது. சட்டைப் பையில், நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போன் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் அந்தப் பையைப் பார்த்தார்கள். லுவாவின் காதைப் பார்த்தார்கள். திரும்ப அந்தப் பையைப் பார்த்தார்கள்.

லுவா சட்டென்று போனை அணைக்கப் போனாள்.

கியெம் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. சேற்று விரலைச் சட்டையில் துடைத்தான். அவசரமில்லாமல் உறையைப் பிரித்தான். பச்சையைத் தொட்டுக் காதில் வைத்தான்.

"சொல்லுங்க அக்கா" என்றான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "எடுத்துட்டேன்."

நாலு எட்டு தூரத்தில் நின்றவனின் குரல் காதில் ஒருதரமும் காற்றில் ஒருதரமுமாக வந்தது. லுவா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, பக்கத்தில் காலியாக இருந்த பிளாஸ்டிக் முக்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.